கேஸ் டர்பைன் கோட்டிங்குக்கு க்ரீப் டெஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் பக்கம் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை. டர்பைன் பிளேடின் உலோகப் பூச்சுக்கு க்ரீப் சோதனை கேட்டு வருபவர்கள் குறைவுதான். ஆனால் ஆராய்ச்சி மாணவர், மின்நிலைய இன்ஜினியர், பர்ச்சேஸ் ஆபீசர் என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

1. "க்ரீப்னா என்ன சார்? லோடு போட்டா நீளும், எடுத்தா பழையபடி ஆயிடும், அதானே?"

குளிர்ந்த உலோகத்தில், லோடும் அளவோடு இருந்தால், அப்படித்தான். ஆனால் கெல்வின் கணக்கில் உருகுநிலையில் நாற்பது, ஐம்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டால், லோடு கொஞ்சமும் கூடாமலே உலோகம் நாளாக நாளாக நீண்டுகொண்டே போகும். மொட்டைமாடியில் கட்டிய நைலான் கொடி, அதே துணியின் பாரத்தில் மாதக்கணக்கில் தொய்வது போல. துணியை எடுத்தாலும் தொய்வு போகாது.

சோதனையில் இது மூன்று கட்டமாகத் தெரியும். முதலில் வேகமாக நீண்டு நிதானப்படும், பிறகு கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகும், கடைசியில் மறுபடி வேகமெடுத்து அறுந்துவிடும். நடுக்கட்டத்தின் வேகம், அறுந்துபோன நேரம் என்ற இரண்டு எண்களைத்தான் பெரும்பாலும் எல்லோரும் தேடுகிறார்கள்.

2. "கோட்டிங்கே 0.1 மில்லிமீட்டர்தான். லோடைத் தாங்குறது உள்ளே இருக்கிற மெட்டல். அப்புறம் கோட்டிங்குக்கு எதுக்குத் தனியா க்ரீப் டெஸ்ட்?"

எல்லோரும் கேட்பது இது. கேள்வியில் நியாயமும் இருக்கிறது. டிசைன் செய்பவர்கள் பெரும்பாலும் பூச்சு லோடு தாங்காது என்றே கணக்குப் போடுகிறார்கள். சரியான வழியும் அதுதான். பூச்சு உலோகத்தின் உருகத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 1300 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு 850 டிகிரியில் ஓடினால், கெல்வின் கணக்கில் அது 71 சதவீதம். அந்தச் சூட்டில் பூச்சு ரொம்ப பலவீனம். ஒற்றைப் படிகமாக வார்த்த பிளேடு உலோகங்களிலோ, 1100 டிகிரியில் 137 மெகாபாஸ்கல் தகைவை (ஒரு பரப்பளவுக்கு விழும் லோடு) நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் ரகங்கள் உண்டு.

ஆனால் லோடு தாங்காத பொருளும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. சுழலும் பிளேடில் பூச்சின் எடையும் சேர்ந்து இழுக்கும். அந்த இழுப்பைப் பிளேடுதான் சுமக்க வேண்டும். உள்ளே குளிர்காற்று ஓடும் மெல்லிய சுவர் 1 மில்லிமீட்டர் என்றால், வெளியே போட்ட 120 மைக்ரான் பூச்சு அதற்கு 12 சதவீதம். அதைத் தாங்குவோர் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பது சின்ன விஷயமல்ல. இது போக, பூச்சிலிருந்து அலுமினியம் உள்ளே போகும், உள்ளிருந்து நிக்கல் வெளியே வரும். இடையில் உருவாகும் கலவைப் பட்டை பிளேடின் நல்ல உலோகத்தையும் கொஞ்சம் தின்றுவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பூச்சின் மேல் மெல்லிய அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலம் வளர்கிறது, அடியில் உள்ளதைக் காப்பது அதுதான். அதற்கும் மேலே பல பிளேடுகளில் சூட்டைத் தடுக்கும் சிர்கோனியா செராமிக் இருக்கிறது. சூடானால் பூச்சு விரியும் அளவில் பாதி, மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் அலுமினா விரியும். டர்பைனை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இந்த வித்தியாசம் தகைவாக மாறுகிறது. சூட்டில் அந்தத் தகைவைப் பூச்சு எவ்வளவு சீக்கிரம் க்ரீப் ஆகித் தளர்த்திக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே செராமிக் நிற்பதும் உதிர்வதும். சோதனை எதற்கு என்றால், முக்கியமாக இதற்குத்தான்.

3. "எங்க சர்ட்டிஃபிகேட்ல ‘எம்க்ராலி’ன்னு போட்டிருக்கு. அதுக்கு க்ரீப் வேல்யூ டேபிள்ல இருக்குமே?"

எம்க்ராலி என்பது ஒரு குடும்பப் பெயர். நிக்கல் அல்லது கோபால்ட், அல்லது இரண்டும். கூடவே குரோமியம், அலுமினியம், அரை சதவீதம் போல இட்ரியம். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 32 சதவீதம் நிக்கல், 21 குரோமியம், 8 அலுமினியம், அரை இட்ரியம், மீதி கோபால்ட். உள்ளே காமா என்ற மென்மையான அடித்தளமும், பீட்டா என்ற அலுமினியம் நிறைந்த கட்டமும் கலந்திருக்கும் (இங்கே கட்டம் என்றால் உலோகத்துக்குள் தனி அமைப்புள்ள பகுதி, சோதனையின் கட்டம் அல்ல). விகிதம் மாறினால் க்ரீப்பும் மாறும்.

அதே பவுடரை வெற்றிடத்தில் பிளாஸ்மாவால் தெளித்தால் ஒரு மாதிரி, அதிவேக எரிவாயுத் துப்பாக்கியால் தெளித்தால் வேறு மாதிரி. இரண்டாவதில் மணிகள், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் சின்னப் படிகங்கள், 1 மைக்ரான் அளவுக்குக்கூடச் சிறியதாக இருக்கும். மணி எல்லைகள் வழியாக அணுக்கள் நகர்ந்து க்ரீப் நடக்கும் நிலையில், மணியின் அளவு பாதியானால் வேகம் எட்டு மடங்காகிறது. டேபிளில் உள்ள எண் யாரோ ஒருவர் தெளித்த பூச்சின் எண், உங்களுடையது அல்ல.

4. "பிளேடு மேலே இருக்கிற கோட்டிங்கையே அப்படியே டெஸ்ட் பண்ணிடலாமே?"

ஒரு வழி இருக்கிறது. பூச்சு போட்ட மாதிரி ஒன்று, போடாத மாதிரி ஒன்று, இரண்டையும் ஒரே லோடில் ஓட்டி வித்தியாசத்தைப் பார்ப்பது. உள்ளே இருக்கும் உலோகம் பலசாலி என்பதால், வித்தியாசம் பெரும்பாலும் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பூச்சு பிளேடைக் கெடுக்கிறதா என்று பார்க்க இந்த வழி நல்லது. பூச்சின் சொந்த குணத்தைக் கண்டுபிடிக்க அவ்வளவாக உதவாது.

அதனால் பூச்சைத் தனியாகப் பிரித்தெடுக்கிறோம். ஒரு தகட்டின் மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்குத் தெளிக்கச் சொல்லி, ஒயர்கட்டில் (மெல்லிய கம்பியின் மின்பொறியால் வெட்டும் மெஷின்) தகட்டை நீக்கிவிட்டு, மிஞ்சும் பூச்சிலிருந்து மாதிரி வெட்டுவது. கனமாகத் தெளிக்கும்போது சூடும் உள்தகைவும் கூடும். சில சமயம் விளிம்பில் பெயர்ந்துவிடும். மெல்லிய பூச்சும் கனமான பூச்சும் முழுக்க ஒன்றல்ல என்ற குறையோடுதான் இந்த வழி.

5. "ஸ்மால் பஞ்ச்னு சொல்றாங்களே, அது என்ன? எவ்வளவு லோடு வைப்பீங்க?"

8 மில்லிமீட்டர் விட்டம், 0.5 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு வில்லை. அதை நடுவில் 4 மில்லிமீட்டர் துளை உள்ள டையின் மேல் வைத்து, ஓரத்தை இறுக்கி, மேலிருந்து 2.5 மில்லிமீட்டர் செராமிக் குண்டால் அழுத்துகிறோம். சூட்டில் எஃகுக் குண்டு தானே மிருதுவாகிவிடும், செராமிக் அதற்காகத்தான். லோடு மாறாது. நாளாக ஆக வில்லை குழிந்து, கடைசியில் குண்டு கிழித்துக்கொண்டு வெளியே வரும். குழிவை வில்லையின் அடிப்பக்கத்திலிருந்து அளப்பதே நல்லது. மேலிருந்து அளந்தால் அழுத்தும் தண்டின் விரிவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

லோடு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. புழக்கத்தில் உள்ள ஐரோப்பிய வாய்ப்பாட்டின்படி, மேலே சொன்ன அளவுகளுக்கு, நியூட்டனில் லோடை மெகாபாஸ்கலில் தகைவால் வகுத்தால் சுமார் 1.9 வரும். 100 மெகாபாஸ்கலுக்கு 190 நியூட்டன், அதாவது 19 கிலோ சொச்சம். அந்த வாய்ப்பாட்டில் பொருளுக்கேற்ப மாறும் ஒரு திருத்த எண்ணும் உண்டு. அதை 1 என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

6. "அப்போ பஞ்ச்ல வர்ற ரிசல்ட்டும் சாதாரண இழுவை க்ரீப் ரிசல்ட்டும் ஒண்ணுதானா?"

கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், அதுதான் ஆபத்து. பஞ்ச் வரைபடத்திலும் மூன்று கட்டம் தெரியும். ஆனால் இங்கே முதல் கட்டம் நிதானப்படுவதற்கு முக்கியக் காரணம் வில்லையின் வடிவம். தட்டையான வில்லை முதலில் வளைகிறது, பிறகு குண்டைச் சுற்றிச் சவ்வு போல இழுபடுகிறது, தொடும் பரப்பு கூடுகிறது. உலோகம் கெட்டிப்படுவது மட்டும் அதற்குக் காரணமல்ல. தகைவும் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். வாய்ப்பாடு தருவது ஒரு சமான எண் மட்டுமே.

இரண்டு பூச்சுகளை ஒப்பிட, வரிசைப்படுத்த பஞ்ச் அருமையான சோதனை. டிசைன் கணக்குக்கு எண் வேண்டுமென்றால், அதே பூச்சில் ஒன்றிரண்டு இழுவைச் சோதனையாவது செய்து, திருத்த எண்ணை அதிலிருந்து எடுங்கள். இன்னொருவர் எஃகுக்குக் கண்டுபிடித்ததை எடுத்து எம்க்ராலிக்குப் போடாதீர்கள். செய்முறைக்கு ஈஎன் 10371 இருக்கிறது. இழுவை க்ரீப்புக்கு ஐஎஸ்ஓ 204, ஏஎஸ்டிஎம் ஈ139.

7. "அலுமினைடு கோட்டிங்குக்கும் இதே வில்லை டெஸ்ட் பண்ணித் தருவீங்களா?"

முடியாது. அலுமினைடு தெளிக்கும் பூச்சு அல்ல, பிளேடின் மேற்பரப்பிலேயே அலுமினியத்தை ஊடுருவச் செய்து உருவாக்குவது. கனம் பெரும்பாலும் 100 மைக்ரானுக்கு உள்ளேதான். மேலிருந்து கீழே போகப் போகக் கலவையும் மாறும். அதில் அரை மில்லிமீட்டர் வில்லைக்கு எங்கே போவது? 4-ஆம் கேள்வியில் சொன்ன ஜோடி மாதிரி முறைதான், இல்லையென்றால் அதே கலவையில் தனியாக வார்த்து அதைச் சோதிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பீட்டா கட்டம் நிறைந்த பூச்சுகள் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே நொறுங்கும் குணம் உள்ளவை. அலுமினைடுகளுக்கு அது 600, 700 டிகிரி வரைகூடப் போகும். முழுச் சூடு வந்த பிறகுதான் லோடு வைக்க வேண்டும். குளிரில் வைத்தால் க்ரீப் தொடங்கும் முன்பே விரிசல்.

8. "ஒயர்கட் நாங்களே பக்கத்து ஷாப்ல போட்டுக் கொண்டுவர்றோம். ஓகேவா?"

தாராளமாக. ஆனால் இறுதிக் கனத்துக்கு வெட்டிக் கொண்டுவராதீர்கள். ஒயர்கட் வெட்டிய முகத்தில் உருகி உறைந்த ஒரு தோல் இருக்கும். அதில் மயிரிழை விரிசல்களும் இருக்கும். இரண்டு பக்கமும் தேய்த்து அதை நீக்க இடம் வேண்டும். 0.7 மில்லிமீட்டருக்கு வெட்டிக் கொடுத்தால் தேய்த்து 0.5-க்குக் கொண்டுவந்துவிடலாம்.

கனத்தில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பார்கள். வில்லை 0.50-க்குப் பதில் 0.48 ஆக இருந்தால், அதே லோடில் தகைவு 4 சதவீதம் கூடுகிறது. க்ரீப் வேகம் தகைவுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, அதன் அடுக்கில் ஏறுகிறது. அடுக்கு 5 என்றால் 4 சதவீதம் என்பது 22 சதவீதமாகிவிடும். 5 மைக்ரான் ப்ளஸ் மைனஸுக்குள் வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

9. "ஸ்ப்ரே பண்ணின உடனே கொண்டுவரலாமா, இல்ல ஹீட் ட்ரீட்மென்ட் முடிச்சா?"

பிளேடு எந்த நிலையில் டர்பைனுக்குப் போகிறதோ அந்த நிலையில். வழக்கமாக வெற்றிட உலையில் 1080, 1100 டிகிரியில் சில மணி நேரம் வைப்பார்கள். தெளித்தபடியே உள்ள பூச்சு சோதனை ஓடும்போதே உள்ளுக்குள் மாறிக்கொண்டிருக்கும். வரும் வேகம் எதனுடையது என்றே சொல்ல முடியாது.

10. "இப்போ 1600 டிகிரி டர்பைன் எல்லாம் வந்தாச்சு. நீங்க 1000-லயே நிறுத்திக்கிறீங்களே?"

1600 என்பது டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் சூடு. உள்ளே ஓடும் குளிர்காற்றும் மேலே உள்ள செராமிக்கும் சேர்ந்து உலோகத்தை அதைவிடப் பல நூறு டிகிரி கீழே வைத்திருக்கின்றன. எம்க்ராலியே 1300-ஐ ஒட்டி உருகத் தொடங்கிவிடும் என்று 2-ஆம் பதிலில் பார்த்தோம். 750 முதல் 1000 வரை, உங்கள் பிளேடின் உலோகச் சூடு எதுவோ அதைச் சொல்லுங்கள்.

11. "ஃபர்னஸ் ஒரு பத்து டிகிரி முன்ன பின்ன இருந்தா என்ன ஆயிடப் போவுது?"

நிறைய ஆகும். க்ரீப்பின் ஆற்றல் தடையை மோலுக்கு 300 கிலோஜூல் என்று வைத்தால், 850 டிகிரியில் 10 டிகிரி கூடினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். ஐஎஸ்ஓ 204 இந்தப் பகுதியில் 5 டிகிரிக்கு மேல் விலக விடுவதில்லை. சூட்டை அளக்கும் மலிவான கே வகை தெர்மோகப்பிள் அந்தச் சூட்டில் வாரக்கணக்கில் இருந்தால் மெல்ல வழி தவறும். நீண்ட சோதனைக்குப் பிளாட்டினம் வகையே நம்பகமானது.

உலைக்கு வெளியேயும் கவனிக்க வேண்டும். குழிவை அளக்கும் கருவி அறைச் சூட்டில் இருக்கிறது. மே மாதச் சென்னையில் ஏசியை இரவு நிறுத்திவிட்டுக் காலையில் போட்டால், வரைபடத்தில் தினமும் ஒரு அலை வரும். அதை க்ரீப் என்று நினைத்து விளக்கம் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

12. "நடுவுல கரண்ட் போயிட்டா மொத்த டெஸ்ட்டும் வேஸ்ட்டா?"

யுபிஎஸ், ஜெனரேட்டர் இரண்டும் இருந்தால் சாதாரண மின்தடை பிரச்சினை இல்லை. புயல் வேறு. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் அதே கதை. நீளமான சோதனையை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை தொடங்காமல் இருப்பது என் வழக்கம். அவசரம் என்று வருபவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

சூடு இறங்கினால் க்ரீப் நின்றுபோகும், அதனால் இழப்பில்லை. ஆனால் எடை தொங்கிக்கொண்டே இருக்க வில்லை குளிர்ந்தால், 7-ஆம் பதிலில் சொன்ன நொறுங்கும் பகுதிக்குள் லோடோடு போகிறது. சூடு இறங்கும்போதே லோடையும் இறக்கிவிட வேண்டும். மறுபடி தொடங்கினால் அதை அறிக்கையில் எழுத வேண்டும். ‘இடைநிறுத்தம் இல்லை’ என்று எழுதச் சொல்லி யாரும் கேட்காதீர்கள்.

13. "டர்பைன்ல காத்துதானே இருக்கு? நீங்க ஏன் ஆர்கான்ல பண்றீங்க?"

எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காற்றில் ஓட்டினால் வில்லையின் இரு முகத்திலும் அலுமினா வளரும், அதற்கடியில் பீட்டா கரைந்து தேயும். அரை மில்லிமீட்டர் பொருளில் அது பெரிய பங்கு. உலோகத்தின் சொந்த க்ரீப் வேண்டும் என்றால் ஆர்கான். ஆர்கானிலும் கொஞ்சம் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு வரும். வழியில் சூடான டைட்டானியம் சீவலை வைத்துப் பிடிப்பது வழக்கம்.

14. "850-ல ஆயிரம் மணி நேரம் காத்திருக்கணுமா? 900-ல சீக்கிரம் முடிச்சுட்டு லார்சன்-மில்லர் போட்டா ஆகாதா?"

கணக்கு அப்படித்தான் சொல்கிறது. லார்சன்-மில்லர் என்பது சூட்டையும் நேரத்தையும் ஒரே எண்ணில் இணைக்கும் வாய்ப்பாடு. அதில் வழக்கமான மாறிலி 20-ஐப் போட்டால், 850 டிகிரியில் 1000 மணி நேரம் என்பது 900 டிகிரியில் சுமார் 105 மணி நேரம். 1952-இல் வந்த இந்த முறை எஃகுக்கும் பிளேடு உலோகங்களுக்கும் நன்றாகவே உழைத்திருக்கிறது.

பூச்சில் ஒரு பொறி இருக்கிறது. வெப்பநிலை மாறும்போது அதன் உள் கட்டங்களே மாறுகின்றன. சூடு ஏறினால் பீட்டாவின் பங்கு குறையும். கீழே இறங்கினால் கலவையைப் பொறுத்து சிக்மா, காமா-பிரைம் போன்ற கட்டங்கள் வரும். 900-இல் சோதித்தது ஒரு பொருள், 850-இல் ஓடுவது வேறொரு பொருள் என்றாகிவிடலாம். இரண்டு வெப்பநிலையிலும் ஊறவைத்த துண்டுகளை நுண்ணோக்கியில் பாருங்கள். கட்டங்கள் ஒன்றுதான் என்றால் கணக்குப் போடுங்கள். இல்லையென்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கல்பாக்கத்தில் அணு உலை எஃகுகளை ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் குறுக்குவழி தெரியாமல் இல்லை.

15. "க்ரீப்ல நல்லா தாங்குற கோட்டிங்தான் பெஸ்ட் கோட்டிங்னு எடுத்துக்கலாமா?"

டெண்டரில் இப்படி எழுதுகிறார்கள். 2-ஆம் பதிலின் கடைசிப் பத்தியை மறுபடி பாருங்கள். பலவீனமான பூச்சு சூட்டில் தகைவைத் தளர்த்திவிடும், அது நல்லதுதான். ஆனால் சூட்டில் தளர்ந்துபோனது, குளிரும்போது எதிர்ப்பக்கத் தகைவாகத் திரும்பி வரும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் இது நடந்தால் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி அலையலையாகும். பிளாட்டினம் அலுமினைடில் இது கண்கூடு. பலமான பூச்சு அலையாகாது. ஆனால் அலுமினா வளரும் தகைவைத் தளர்த்தாமல் செராமிக்கிடம் தள்ளிவிடும்.

அடிக்கடி நின்று ஓடும் உச்சநேர டர்பைனுக்கும், மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் டர்பைனுக்கும் ஒரே விடை கிடையாது. க்ரீப் எண்ணைக் குறைந்தபட்சத் தகுதியாக வைக்காமல், உங்கள் ஓட்டத்துக்கான கணினிக் கணக்கில் உள்ளீடாகக் கொடுங்கள். அதுவே அதன் சரியான இடம்.

16. "எங்க பிளான்ட் கடல் பக்கம். உப்புக் காத்து க்ரீப்பைப் பாதிக்குமா?"

நேரடியாக அல்ல, சுற்றி வந்து பாதிக்கும். கடல் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்தால் சோடியம் சல்ஃபேட். அது 884 டிகிரியில் உருகும். கோபால்ட் சல்ஃபேட்டோடு கலந்தால் 565 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தத் திரவம் அலுமினாவைக் கரைத்துப் பூச்சைத் தின்னும். சென்னை பேசின் பிரிட்ஜ் மின்நிலையம் போலத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் டர்பைன் நிறுவிய ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஆர்கானில் ஓடும் என் க்ரீப் சோதனை இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு உப்பு பூசி ஊறவைக்கும் அரிப்புச் சோதனை தனி.

17. "ஒரே பவுடர், ரெண்டு பேர் ஸ்ப்ரே பண்ணாங்க. ரிசல்ட்ல பத்து மடங்கு வித்தியாசம். உங்க மெஷின்ல கோளாறா?"

இருக்கலாம், அதனால்தான் ஒவ்வொரு தொகுதியோடும் தெரிந்த பொருள் ஒன்றை ஓட்டுகிறோம். அது சரியாக வந்திருந்தால், 3-ஆம் பதிலுக்குப் போங்கள். துளைகள், துளிகளுக்கு இடையே சிக்கிய ஆக்சைடு, மணி அளவு, இந்த மூன்றையும் குறுக்குவெட்டில் பார்த்தால் பத்து மடங்குக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். எந்தத் திசையில் வெட்டினீர்கள் என்றும் பாருங்கள். தெளித்த பூச்சு அடுக்கடுக்கானது. தளத்தோடு இழுப்பதும் கனத்தின் வழியே இழுப்பதும் ஒன்றல்ல.

18. "ஓடி இறக்கின பிளேடைக் கொண்டுவந்தா, கோட்டிங்குக்கு மிச்ச ஆயுள் எவ்வளவுன்னு க்ரீப் டெஸ்ட்ல சொல்ல முடியுமா?"

முடியாது. பிளேடில் இருக்கும் பூச்சிலிருந்து வில்லை எடுக்க வழியில்லை என்று 4, 7 இரண்டிலும் பார்த்தோம். நீங்கள் கேட்கும் கேள்விக்கும் விடை க்ரீப்பில் இல்லை. பிளேடைக் குறுக்கே வெட்டி, பீட்டா எவ்வளவு மிச்சம், கலவைப் பட்டை எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளக்க வேண்டும். பீட்டா முழுக்கத் தீர்ந்துவிட்டால் அலுமினாவைத் திரும்ப வளர்க்கச் சரக்கு இல்லை என்று அர்த்தம். பழைய பூச்சைக் கழற்றிப் புதிதாகப் போடுவது பற்றி யோசிக்கலாம். கழற்றும்போது பிளேடின் சுவரும் கொஞ்சம் போகும் என்பதையும் சேர்த்து.

வெட்ட மனம் வராது, தெரியும். ஆனால் ஒரு செட்டுக்கு ஒரு பிளேடைக் கொடுக்கத்தான் வேண்டும். ஓரமாகக் கிடைத்த ஏதோ ஒன்று வேண்டாம், அதிகம் சூடு பட்டதாகத் தெரிவதைக் கொண்டுவாருங்கள். எந்த வரிசை, எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை ஸ்டார்ட், என்ன எரிபொருள் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டிவிடுங்கள்.